பதினாலு குச்சி

தவக்காலத்தின் நாலாவது சனிக்கிழமை சாயங்காலம், அருளானந்தம் புது விளக்குமாற்றிலிருந்து பதினாலு ஈர்க்குச்சிகளை உருவித் தரையில் வரிசையாக அடுக்கிவிட்டு, அவற்றுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். விளக்குமாற்றைக் காலையில்தான் மனைவி பிலோமினம்மாள் தேக்கா மார்க்கெட்டில் வாங்கி வந்திருந்தாள். வேறு நாளாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். அன்றைக்கு எட்டிப் பார்த்துவிட்டுக் கருவாட்டைப் புரட்டப் போய்விட்டாள்.

"நாளைக்கு இதுல எத பையில வைக்கிறது, எத வெளிய வுடறது?" என்று அவர் கேட்டார். யாரைக் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

அருளானந்தம் புக்கித் தீமா பக்கத்தில் ஒரு கோல்ஃப் கிளப்பில் பை தூக்குகிறவர். சண்டைக்கு முன்னாலிருந்து தூக்குகிறார். நடுவில் ஜப்பான்காரன் காலத்தில் அந்தப் புல்லையெல்லாம் கொத்தி மரவள்ளி நட்டுவிட்டதால் மூன்றரை வருஷம் விட்டுப்போயிற்று. இப்போது 1962. வயது நாற்பத்தொன்பது. ஆடுகிறவர் கையை வீசிக்கொண்டு முன்னால் நடப்பார், அருளானந்தம் பையைச் சுமந்துகொண்டு பின்னால் போவார். பதினெட்டு குழிக்கும் இப்படித்தான்.

பைக்குள் பதினாலு குச்சிகள் இருக்கும். அதற்கு மேல் வைக்கக் கூடாது என்பது சட்டம். குறைவாக வைத்தால் கேட்பாரில்லை, ஆனால் அப்படி வைத்த ஒரு துரையையும் அவர் பார்த்ததில்லை. நாலு குச்சிக்கு மரத்தலை. அவற்றைக் கட்டை என்பார்கள். முதல் கட்டை பந்தை வெகு தூரம் அனுப்பும், நேராக அடிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும். மற்றவை இரும்பு. நம்பர் ஏற ஏறத் தூரம் குறையும், அடிப்பது சுலபமாகும். கடைசியில் மணலிலிருந்து பந்தைத் தோண்ட ஒன்று, குழிக்குள் உருட்டிவிட ஒன்று. இந்தக் கதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். அருளானந்தமும் இதற்கு மேல் தெரியும் என்று யாரிடமும் பெருமையடித்ததில்லை.

அவர் பை தூக்கியது லாயர் இராமசாமிக்கு. நம் ஆட்களையும் கிளப்பில் சேர்க்கத் தொடங்கிய புதிதில் உள்ளே போனவர் லாயர். சேர்ந்த வாரமே துரைமாரிடம் உள்ளது மாதிரி பதினாலு குச்சியும் மாட்டுத்தோல் பையும் வாங்கிவிட்டார். துரைமார் நடக்கிற மாதிரியே நடந்தார். அவர்களைப் போலவே, குச்சி வேண்டுமென்றால் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினார். பந்தை அடிப்பதில் மட்டும் அவர்களைப் போல வரவில்லை. நீட்டிய கையில் எந்தக் குச்சி வந்து உட்கார்ந்தது என்று பார்க்கிற அளவுக்கு அவருக்கு அப்போது விவரமும் இல்லை.

கூத்து ஆரம்பித்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஜூன் மழையில். பையோடு போய்க்கொண்டிருந்த அருளானந்தம் ஏழாவது குழிப் பக்கத்து லோங்காங் சாக்கடையில் சறுக்கி விழுந்து இடது தோளை உடைத்துக்கொண்டார். ரோச்சோர் பக்கத்துச் சீன வைத்தியர் தோளைத் தட்டிச் சேர்த்துக் கட்டுப்போட்டார். ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போனபோது பை கனத்தது. பதினாலும் தோளில் ஏறினால் ஐந்தாவது குழிக்குள் விரல் மரத்துப்போகும். சுமக்க முடியாதவன் பித்தளை வில்லையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம் என்று பை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரியான மண்டோர் அடிக்கடி சொல்கிறவர். அந்த வில்லையில் பத்தொன்பது என்று நம்பர் போட்டிருக்கும். அது சட்டையில் இருந்தால்தான் கிளப்பின் வாசலுக்குள் விடுவார்கள்.

ஆகவே ஒருநாள் காலையில், சாமான் அறையில் யாரும் இல்லாதபோது, லாயரின் பையிலிருந்து ஐந்து குச்சிகளை உருவி மாவுச் சாக்கில் சுற்றிக் கூரைச் சட்டத்துக்குப் பின்னால் சொருகிவிட்டார். முதல் கட்டை, இரண்டாம் கட்டை, இரண்டு மூன்று நாலு நம்பர் இரும்புகள். எது எது என்று யோசிக்கவே இல்லை. லாயர் அந்த ஐந்தையும் தொட்டபோதெல்லாம் பந்து காட்டுக்குப் போனதை அவர்தானே தேடிக்கொண்டு திரிந்தார். மீதி ஒன்பதும் தோளுக்குத் தாங்கின.

ஆனால் பை மெலிந்து தெரிந்தது. இரும்பு குறைந்தால் யாரும் எண்ண மாட்டார்கள். கட்டைகள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும், இரண்டு தலை இல்லாவிட்டால் குருடனுக்கும் தெரியும். அதற்கு வழி செய்தவள் பிலோமினம்மாள். அவள் கன்னிமார் மடத்துச் சலவை அறையில் வேலை பார்ப்பவள். பின்னல் வேலையை அங்கே மதர்மாரிடம் கற்றுக்கொண்டிருந்தாள். இரண்டு பிரம்புகளைக் குச்சியின் நீளத்துக்கு வெட்டி, நுனியில் இலவம் பஞ்சை உருட்டிக் கட்டி, மேலே சிவப்புக் கம்பளி உறை பின்னி மாட்டினாள். உண்மையான கட்டைகள் இரண்டுக்கும் அதே உறை. இப்போது பைக்கு மேலே நாலு சிவப்புத் தலைகள் ஆடின. லாயருக்கு அந்தச் சிவப்பு ரொம்பப் பிடித்துவிட்டது.

அதன் பிறகு நடந்ததை அருளானந்தம் எதிர்பார்க்கவில்லை. லாயர் நன்றாக ஆடத் தொடங்கினார். கை நீட்டினால் மூன்றாம் கட்டை வந்தது, அல்லது ஐந்தாம் நம்பர் வந்தது. பந்து கொஞ்ச தூரம்தான் போனது, ஆனால் நேராகப் போனது. ஒன்றரை வருஷத்தில் கோப்பைப் போட்டியில் ஒவ்வொருவராகத் தட்டிவிட்டு இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார். நம் ஆட்களில் அந்த இடத்துக்கு வந்த முதல் ஆள் அவர்தான். எதிரில் ரப்பர் கம்பெனி மேனேஜர் துரை. ஆட்டம் நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை.

இதற்கிடையில் கிளப்புக்கு இரண்டு சக்கர இழுவண்டிகள் வந்து சேர்ந்தன. பையைக் கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான், தோளுக்கு வேலையே இல்லை. அருளானந்தம் சந்தோஷப்பட்டார். தவக்காலம் வேறு பிறந்திருந்தது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், சாமியாரிடம் ஐந்து குச்சி விஷயத்தைக் கொட்டிவிட்டார். சாமியார் புதுச்சேரியிலிருந்து வந்தவர், கோல்ஃபைக் கண்ணால் கண்டதில்லை. வித்துத் தின்றாயா என்று கேட்டார். இல்லை சாமி, சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன் என்றார் இவர். அப்படியானால் எடுத்ததை எடுத்த இடத்தில் வை, இனிமேல் தொடாதே, பத்து அருள் நிறைந்த மந்திரம் சொல் என்று அனுப்பிவிட்டார். இவரும் மறுநாளே பிரம்புகளை உருவிவிட்டு ஐந்தையும் பைக்குள் வைத்தார், திரும்பி வந்த இரண்டு கட்டைக்கும் பிலோமினம்மாள் அதே சிவப்பில் வேறு உறை பின்னிக் கொடுத்திருந்தாள். மனசு லேசாயிற்று.

அன்றைக்குத்தான் வினை பிடித்தது. வண்டியில் பை பக்கத்திலேயே நிற்கவும், லாயர் தானே கையை விட்டு ஒரு சிவப்பு உறையைக் கழற்றினார். முதல் கட்டை. ஓங்கி ஒரு அடி. பந்து நேராக, ரொம்ப உயரத்தில், அவர் வாழ்நாளில் அனுப்பாத தூரத்துக்குப் போய் நடுப்புல்லில் விழுந்தது. ஒரே ஒரு தடவை. அந்த ஒன்றுக்குப் பிறகு அவர் அந்தக் கட்டையை விடவே இல்லை. மூன்று வாரமாகப் பந்து காட்டுக்குள்ளும் குட்டைக்குள்ளும் பக்கத்து ரோட்டிலும் விழுந்துகொண்டிருந்தது. இன்று மத்தியானம் ஒன்பது குழி ஆடிப் பார்த்து நாலு பந்தைத் தொலைத்துவிட்டு, காரில் ஏறும்போது சொன்னார்:

"அருளானந்தம், உன் கைராசி போயிடுச்சு. முன்னெல்லாம் நீ குடுத்தா சரியா இருக்கும். நாளைக்கும் இப்படித்தான்னா, அடுத்த வாரத்துலேருந்து வேற ஆளப் பாத்துக்கறேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அருளானந்தத்துக்குப் பயமாக இருந்தது. வண்டி வந்த பிறகு மண்டோர் ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்தார். பேர் சொல்லிக் கேட்க ஒரு மெம்பர் இருக்கிறவனுக்குத்தான் வில்லை. பத்தொன்பதாம் நம்பரைக் கேட்க லாயரைத் தவிர யாரும் இல்லை.

ஈர்க்குச்சிகளுக்கு நடுவே ஆனி வந்து உட்கார்ந்தாள். பத்தொன்பது வயது, சிராங்கூன் ரோட்டில் டைப்பிங் படிக்கிறாள்.

"அப்பா, இவ்வளவு ஏன் கன்ஃப்யூஸ் ஆவறீங்க? ஸ்ட்ரெய்ட்டா போயி சொல்லிடுங்க லா. சார், இந்த அஞ்சும் உங்களுக்கு சூட் ஆவாதுன்னு."

"எப்படித் தெரியும்னு கேப்பாரு. ஒன்றரை வருஷம் ஒளிச்சு வச்சிருந்தேன், அதனாலதான் ஜெயிச்சீங்கன்னு சொல்லவா? லாயரும்மா. கோர்ட்டுல நிக்க வச்சுக் கேக்கற மாதிரி கேப்பாரு."

"அப்ப லெட்டர் குடுங்க. நான் டைப் பண்ணித் தரேன். ரெஸ்பெக்டட் சார்னு போட்டு, நீட்டா."

"நாளைக்குக் காலையில ஒம்போதுக்கு ஆட்டம். லெட்டர எப்ப படிப்பாரு? பந்து அடிக்கும்போதா?"

அடுப்படியிலிருந்து பிலோமினம்மாள் தட்டோடு வந்தாள். கஞ்சியும் கருவாடும் வெங்காயத் துவையலும். அவர்கள் குடியிருந்தது டன்லப் ஸ்திரீட்டில், அப்துல் காதரின் வெங்காயக் கிட்டங்கிக்கு மேலே. அந்த வீட்டில் எதைச் சாப்பிட்டாலும் வெங்காயம்தான் மணக்கும்.

"மறுபடியும் எடுத்து ஒளிச்சு வச்சிடுங்க. பெரம்பு ரெண்டும் அந்த அறையிலதானே கெடக்கு?" என்றாள்.

"தொடாதன்னு சாமியார் சொல்லியிருக்காரு, பிலோமி. தெரிஞ்சே செய்யறதா? ஈஸ்டருக்குப் பூசையில நன்மை வாங்கணுமா வேணாமா?"

"சாமியாரு பை தூக்குனாரா? அவருக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு உடனே நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். "எனக்கும் ஒண்ணும் புரியல. எடுத்தது பாவம்னா, எடுத்தப்ப ஏன் எல்லாம் நல்லா நடந்துச்சு? வச்சது புண்ணியம்னா, வச்சப்புறம் ஏன் இப்படி ஆவுது?"

இதே கேள்விதான் மூன்று வாரமாக அவரைத் தின்றுகொண்டிருந்தது. அவர் கஞ்சியைக் குடித்தார்.

கீழே கணக்கப்பிள்ளையை அனுப்பிவிட்டுக் கிட்டங்கிக் கதவைச் சாத்திய அப்துல் காதர் மாடிக்கு வந்தார். விஷயம் அவருக்கும் தெரியும். மாடித் தரை ஒற்றைப் பலகை, இங்கே பேசினால் கீழே அவர் காதில் விழும்.

"அருளு, நான் ஒரு யோசனை சொல்றேன். அஞ்சையும் ஒளிக்காத. அந்த ரெண்டு கட்டைய மட்டும் ஒளி. பாவமும் கொஞ்சந்தான், பந்தும் நேராப் போவும்."

"கொஞ்சப் பாவம்னு ஒண்ணு இருக்கா பாய்?"

"எனக்கு எப்படித் தெரியும்? உங்க கணக்கு வேற, எங்க கணக்கு வேற. நான் வெங்காயக்காரன், அழுவலப் பாத்துக் கழிப்பேன்."

"இது அழுவல் இல்ல பாய். எல்லாம் நல்ல குச்சிதான். துரை கையில இருந்தா அதே முதல் கட்டை அப்படிப் போவும். இவரு கைக்குத்தான் வரல."

"அப்ப குச்சிய ஒளிக்காத, கைய ஒளி" என்று சொல்லிக் காதர் சிரித்தார். மற்ற மூவரும் சிரிக்காததைப் பார்த்து, ஒரு துண்டு கருவாடு வாங்கித் தின்றுவிட்டு இறங்கிப் போனார்.

அருளானந்தம் ஐந்து ஈர்க்குச்சிகளைத் தள்ளி வைத்தார். பிறகு இரண்டைத் திரும்பச் சேர்த்தார். எது எந்தக் குச்சி என்றே மறந்துபோய், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். பிலோமினம்மாள் எல்லாவற்றையும் அள்ளி விளக்குமாற்றுக்குள் சொருகிவிட்டு, மினியாக் ஆங்கின் தைலத்தை அவர் தோளில் தேய்த்தாள். நாளைக்கு வண்டிதானே, தோளுக்கு வேலையில்லையே என்றாள். ஆமாம், தோளைப் பற்றி மட்டும் கவலையில்லை என்றார் அவர்.

விடியும்போது மழை. முதல் பூசைக்குப் போய்விட்டு நனைந்துகொண்டே வந்து புக்கித் தீமா பச்சை பஸ்ஸைப் பிடித்தார். பூசையில் என்ன பிரசங்கம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒளிப்பது, ஒளிக்காமலிருப்பது, சொல்லிவிடுவது என்று மூன்றும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. கிளப் வாசலில் இறங்கும்போது மழை விட்டிருந்தது. புல்லில் கால் வைத்தால் தண்ணீர் மேலே வந்தது.

"இன்னிக்கு வண்டி கெடையாது" என்றார் மண்டோர் சாகுல் ஹமீது. "தரை ஊறிப்போச்சு, சக்கரம் பட்டா புல்லு கிழியும். எல்லாரும் தோள்லதான் தூக்கணும். என்னய்யா அருளானந்தம், முழிக்கிற?"

"ஒண்ணுமில்லைங்க மண்டோர்."

சாமான் அறைக்குள் போனார். லாயரின் பை சுவரோரமாக நின்றது, பதினாலும் உள்ளே. கூரைச் சட்டத்துக்குப் பின்னால் பழைய மாவுச் சாக்கும் இரண்டு பிரம்புகளும் இருந்தன. யாருமில்லை. கை நீட்டினால் போதும். அவர் சட்டத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு வாரைப் பிடித்துப் பதினாலோடு பையை இடது தோளில் ஏற்றினார். இரண்டு எட்டு வைத்தார். கை விட்டுப்போயிற்று. பை தரையில் சாய்ந்து, குச்சிகள் கலகலவென்று சிதறி, அப்போதுதான் உள்ளே நுழைந்த லாயர் இராமசாமியின் வெள்ளைச் சப்பாத்துக் காலில் போய் முட்டின.

"என்ன ஆச்சு?"

"தோளுங்கய்யா."

"என்ன தோளு?"

"ஏழாவது குழியில விழுந்தேன்லங்க. அதுலேருந்து சரியில்ல."

"அது நடந்து ரெண்டு வருஷம் ஆவுது" என்றார் லாயர். குடையை மடக்கி மூலையில் வைத்தார். குரல் மெதுவாக மாறியது. "வண்டி வந்து ஒரு மாசந்தான். நடுவுல ஒன்றரை வருஷம் என் பைய எப்படித் தூக்குன?"

ஆனியிடம் சொன்ன மாதிரியே ஆயிற்று. அருளானந்தத்துக்குப் பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

"முழுசாத் தூக்கலைங்கய்யா" என்றார்.

மாவுச் சாக்கை இறக்கினார். பிரம்புகளை இறக்கினார். இரண்டு கட்டையும் மூன்று இரும்பும் அங்கே இருந்ததையும், தவக்காலத்தையும், சாமியாரையும், பத்து அருள் நிறைந்த மந்திரத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னார். லாயர் ஒரு பிரம்பை வாங்கிச் சிவப்பு உறையைக் கழற்றிப் பார்த்தார். பஞ்சு உருண்டையை அமுக்கிப் பார்த்தார்.

"அந்த பேங்க் மேனேஜர நான் ஜெயிச்சனே. அன்னிக்கு?"

"அன்னிக்கும் ஒம்போதுதாங்கய்யா."

"மேஜர?"

"ஒம்போதுதாங்க."

லாயர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கத்துவார் என்று அருளானந்தம் காத்திருந்தார். மண்டோரைக் கூப்பிட்டு வில்லையை வாங்கச் சொல்வார் என்று நினைத்து, சட்டையிலிருந்த வில்லையைக் கழற்றிக் கையில்கூட எடுத்துவிட்டார். லாயர் அதைப் பார்க்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. பதினாலையும் உன்னால தூக்க முடியாது. அஞ்ச எடு" என்றார். "நீயே எடு."

அருளானந்தம் சிதறிக் கிடந்த குச்சிகளுக்கு முன்னால் குந்தினார். முதல் கட்டையை எடுத்தார். மழை பெய்திருக்கிறது, பந்து உருளாது, தூரம் வேண்டுமே என்று கீழே வைத்தார். ஏழாம் நம்பரை எடுத்தார். அது இல்லாமல் எப்படி? நாலாம் நம்பரை ஒதுக்கி, மறுபடி சேர்த்தார். திருட்டுத்தனமாக எடுத்த அன்றைக்கு ஒரு நொடியில் ஐந்தும் கைக்கு வந்தன. உடையவரே எடு என்று சொல்லி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது பதினாலும் வேண்டும்போல இருந்தது.

"வரலைங்கய்யா" என்றார். "ஒண்ணு செய்யுங்க. அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு, எப்பவும் மாதிரி கைய நீட்டுங்க."

"என்னது?"

"குழி குழியாப் போவோம். இங்கயே."

லாயருக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டிருக்க வேண்டும். ஆனால் எழுந்தார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, கையைப் பின்னால் நீட்டினார்.

"ஒண்ணாவது குழி. இடது பக்கம் காடு" என்றார் அருளானந்தம். நீட்டிய கையில் மூன்றாம் கட்டையை வைத்தார். திருப்பி வாங்கிப் பையில் போட்டார். "ரெண்டாவது அடி." ஐந்தாம் நம்பர். "மேட்டுல ஏறணும்." ஒன்பது. "ரெண்டாவது குழி. குட்டை." ஏழு. இப்படி அந்த ஈர வாடை அடிக்கும் அறைக்குள் இரண்டு பேரும் பதினெட்டு குழியும் ஆடினார்கள். நீட்டிய கையைப் பார்த்ததும் அருளானந்தத்தின் கைக்குத் தெரிந்துவிட்டது, ஒரு இடத்திலும் தயங்கவில்லை. கடைசிக் குழியில் உருட்டுகிற குச்சியையும் கொடுத்து வாங்கிப் பையில் வைத்தார்.

"ஆச்சுங்கய்யா."

லாயர் திரும்பினார். தரையில் ஐந்து குச்சிகள் கிடந்தன. அதே ஐந்து.

"இது அஞ்சும் எனக்கு வரவே வராதா?"

"வராதுங்கய்யா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அருளானந்தத்துக்கு உறைத்தது. லாயரின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அன்னிக்கு ஒரு தடவை போச்சே. நீதான் பாத்தியே."

"பாத்தேங்கய்யா. நல்லாப் போச்சு. ஒரு தடவ."

வெளியே மணி அடித்தார்கள். லாயர் குனிந்து ஐந்தையும் தானே பொறுக்கிச் சாக்கில் போட்டார். பிறகு ஒன்பது குச்சியோடு மெலிந்து நின்ற பையைப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் கூட்டம் தெரிந்தது. துரையும் அவர் சிநேகிதர்களும், அவர்களுக்குச் சற்றுத் தள்ளி, லாயரின் ஆட்டத்தைப் பார்க்கவென்றே வந்திருந்த நம் ஆட்கள் ஏழெட்டுப் பேரும். லாயர் இரண்டு பிரம்புகளையும் எடுத்து, சிவப்பு உறையைச் சரிசெய்து, பைக்குள் தானே சொருகினார்.

"இது இருக்கட்டும்" என்றார். "யார் கேட்டாலும் பதினாலு."

அருளானந்தம் வில்லையை மறுபடி சட்டையில் குத்திக்கொண்டு பையைத் தூக்கினார். தோள் தாங்கியது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. துரை நல்ல ஆட்டக்காரர், தூரமாக அடித்தார். லாயர் கொஞ்சம் கொஞ்சமாக, நேராக அடித்துக்கொண்டு போனார். பதினைந்து குழி முடிந்தபோது சமம். பதினாறாவது நீளமான குழி. துரையின் பந்து வானத்தில் போய்த் தூரத்துப் புல்லில் விழுந்தது, நம் ஆட்கள்கூடக் கைதட்டினார்கள். லாயர் அந்தப் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கையைப் பின்னால் நீட்டவில்லை. சட்டென்று திரும்பி, பைக்குள் கைவிட்டு, ஒரு சிவப்புத் தலையைப் பிடித்து விர்ரென்று உருவினார்.

பிரம்பு வந்தது. பாதி தூரம் ஓங்கிய பிறகுதான் கனம் இல்லாதது அவருக்குத் தெரிந்தது. நுனியில் சிவப்புக் கம்பளிப் பந்து ஆடிக்கொண்டிருந்தது.

துரை மரியாதைக்காரர், தூரத்தில் ஒரு மரத்தைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். அருளானந்தத்துக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது. லாயர் பிரம்பை இறக்கினார். மெதுவாகத் திரும்பப் பைக்குள் சொருகினார். பந்துக்கு முன்னால் போய் நின்று, திரும்பிப் பார்க்காமல், கையைப் பின்னால் நீட்டினார். அருளானந்தம் அதில் மூன்றாம் கட்டையை வைத்து, லாயரின் விரல்கள் மூடும்வரை தன் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

பந்து நேராகப் போனது.

அருளானந்தம் வீட்டுக்கு வரும்போது மணி மூன்று. ஆனி படியிலேயே காத்திருந்தாள், கிட்டங்கி வாசலில் காதர் பாய் நின்றார், பிலோமினம்மாள் சோற்றை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாள்.

"ஜெயிச்சாரா?"

"இல்ல. கடைசிக் குழியில போயிடுச்சு. ஒரு அடி."

பிலோமினம்மாள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். "அப்ப வில்லை?"

"இருக்கு. சனிக்கிழமை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்காரு."

"மாதாவே!" என்று அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். "அத மொதல்ல சொல்ல வேண்டாமா? பின்ன ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

அருளானந்தம் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். நடந்ததைச் சொல்லிக்கொண்டே சோற்றைப் பிசைந்தார். பிரம்பு வந்த இடத்தில் ஆனி வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகும் அவர் பிசைந்துகொண்டே இருந்தார்.

"கார்ல ஏறறப்ப கேட்டாரு, அந்த ஒறையப் பின்னது உன் பொண்டாட்டியான்னு. ஆமாங்கய்யான்னேன். இரும்புக்கும் அதே மாதிரி பின்னித் தருவாங்களான்னாரு. மூணு இரும்புக்கு. அதுக்கும் பெரம்பு வெட்டணுமாம். அப்பத்தான் பதினாலுன்னு எண்ணுனாலும் சரியா இருக்குமாம்."

"இரும்புக்கு யாருங்க ஒறை போடறா?"

"யாரும் போடறதில்ல. முதல் கட்டைய மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. தோட்டத்துல அடிச்சுப் பாக்கப் போறாராம்." அவர் சோற்றை வாயில் வைக்கப் போய் நிறுத்தினார். "பிலோமி, ஈஸ்டருக்கு முன்னாடி சாமியார்கிட்ட போவணுமே. இப்ப ஒளிச்சது நானா, அவரா? அவரு பொருள அவரே எடுத்தாரு. பெரம்ப அவரே சொருவுனாரு. கேட்டாப் பொய் சொல்லப் போறது மட்டும் நானு. இத நான் பாவம்னு சொல்லவா, வேணாமா?"

பிலோமினம்மாள் எழுந்து தகரப் பெட்டியைத் திறந்து பின்னல் ஊசிகளைத் தேடினாள்.

"அத அப்புறம் பாப்போம்" என்றாள். "நூலு செவப்புலயே வாங்கணுமா, கேட்டீங்களா?"